குழலுக்குள் ஒரு குரல்

சென்ற ஆண்டு ஜூன் பள்ளி விடுமுறையில் ஒரு நாள், கோடிவீட்டு மக்சிக் மின்தூக்கிக்குள் என்னிடம் தயங்கித் தயங்கி விசாரித்தார். உங்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, இரவு எட்டு மணிக்கு மேல் யாரோ மூச்சுத் திணறுவது போலவும் திடீரென்று அதட்டுவது போலவும் கேட்கிறதே என்றார். அது என் மகள் புல்லாங்குழல் பழகும் சத்தம் என்றேன். மக்சிக் சிரித்தார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

வீட்டுக்குள் என் அம்மாவின் தீர்ப்பு இன்னும் கடுமையாக இருந்தது. "இது என்னடா தம்பி, சளி பிடிச்ச பூனை மாதிரி இருக்கு. கண்ணன் ஊதுனது இந்தக் குழலைத்தானா?"

கண்ணன் ஊதியது மூங்கில். என் மகளுடையது உயர்நிலை ஒன்றில் இணைப்பாட நடவடிக்கையாகப் பள்ளி இசைக்குழுவில் சேர்ந்தபோது பழைய விலைக்கு வாங்கிய வெள்ளிமுலாம் பூசிய மேற்கத்தியக் குழல். ஜெர்மானியர் தியோபால்ட் போம் 1847இல் வடிவமைத்த உருளைக் குழலின் வாரிசு அது. விரலால் துளையை மூடுவதற்குப் பதில் விசைகளை அழுத்த வேண்டும். நான்கு ஆண்டுகளாக அதில் அணிவகுப்பு இசையும் பாக்கும் மோட்சார்ட்டும் கேட்டுப் பழகிவிட்டோம். ஆண்டிறுதியில் ஆசிரியரின் மாணவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு படைப்பை மேடையில் வாசிக்க வேண்டும். பதினேழு வயதில் அவள் தேர்ந்தெடுத்தது ஜப்பானிய இசையமைப்பாளர் தோரு தக்கெமிட்சு 1971இல் தனிக்குழலுக்கு எழுதிய 'வாய்ஸ்'. குரல் என்று பொருள். ஆறேழு நிமிடம்தான். மக்சிக்கை பயமுறுத்தியது அதுதான்.

அந்தப் படைப்பில் குழல் வாசிப்பவர் வாசிப்பதோடு நிற்பதில்லை. குழலின் வாயிலேயே உதட்டை வைத்தபடி பேசுகிறார், கிசுகிசுக்கிறார், முனகுகிறார், கத்துகிறார். சுரமே இல்லாமல் வெறும் காற்றை ஊதுகிறார். விசைகளைத் தட்டி டக் டக் என்று ஓசை எழுப்புகிறார். ஒரே விரல்பிடியில் இரண்டு மூன்று சுரங்களைச் சேர்த்து வரவழைக்கிறார். சுரத்தைக் கால் பங்கு வளைக்கிறார். நடுவில் சும்மா இருக்கிறார். அந்தச் சும்மா இருப்பதும் எழுதப்பட்டிருக்கிறது.

நீட்டிக்கப்பட்ட உத்திகள் என்று இவற்றைச் சொல்கிறார்கள். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். சமையலறையில் காலிப் போத்தல் ஒன்று இருந்தால் எடுத்து அதன் வாயில் குறுக்காக ஊதிப் பாருங்கள், பூம் என்று வரும். குழலின் அடிப்படை அவ்வளவுதான். துளையின் விளிம்பில் காற்று மோதி, உள்ளே இருக்கும் காற்றை அதிர வைக்கிறது. இப்போது ஊதிக்கொண்டே தொண்டையில் ம்ம்ம் என்று முனகுங்கள். இரண்டு ஓசைகளும் ஒன்றோடு ஒன்று உரசி, போத்தலே உறுமுவது போல இருக்கும். என் மகள் இதை எனக்குச் சோயா சாஸ் போத்தலை வைத்துத்தான் விளக்கினாள்.

எனக்கு மிகவும் பிடித்தது நாக்கு அடி. இது 'வாய்ஸ்' பற்றியது அல்ல, பொதுவாக இன்றைய குழல் இசையில் வரும் உத்தி. வாயால் ஊதுதுளையை முழுக்க மூடிக்கொண்டு, நாக்கைச் சட்டென்று துளையில் அடித்து அடைப்பார்கள். பொத்தென்று ஓர் ஓசை வரும். பிடித்திருக்கும் சுரத்தைவிட ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே வரும் என்பதுதான் வேடிக்கை. சாதாரணமாக வாசிக்கும்போது குழல் இரண்டு பக்கமும் திறந்த குழாய். நாக்கு அடைத்ததும் அது ஒரு பக்கம் மூடிய குழாயாகிவிடுகிறது. ஒரே நீளக் குழாய், ஒரு பக்கத்தை மூடினால் ஓசை ஒரு ஸ்தாயி இறங்கும் என்று பள்ளி இயற்பியலில் படித்திருக்கிறேன். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அது என் வரவேற்பறையில் நடந்தது.

இதெல்லாம் தக்கெமிட்சு கண்டுபிடித்தவை அல்ல. பிரெஞ்சுக் குழல் கலைஞர் ஜார்ஜ் பாரேர் பிளாட்டினத்தால் ஒரு குழல் செய்துகொண்டபோது, அதை அரங்கேற்ற எட்கார் வரேஸ் 1936இல் ஒரு படைப்பை எழுதிக் கொடுத்தார். பிளாட்டினத்தின் அடர்த்தியையே பெயராக வைத்தார், 'டென்சிட்டி 21.5' என்று. விசைகளைத் தட்டும் ஓசையை இசையாகவே கேட்டு எழுதிய தொடக்ககாலப் படைப்புகளில் அது ஒன்று. இத்தாலியரான லூச்சானோ பெரியோ 1958இல் 'செக்குவென்சா' எழுதி, குழல் கலைஞர்களின் விரல்களையும் நரம்புகளையும் சோதித்தார். பிரேசிலின் வில்லா-லோபோஸ் 1950இல் குழலுக்கும் செல்லோவுக்கும் எழுதிய படைப்புக்கு ஜெட் விசில் என்றே பெயர். ஊதுதுளையை வாயால் மூடி முழு மூச்சையும் உள்ளே பாய்ச்சினால் விமானம் கிளம்புகிற சத்தம் வரும். அதை மட்டும் இரவில் வாசிக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டிருக்கிறேன்.

நம் கர்நாடக இசையில் காற்றுச் சத்தம் கேட்டால் குறை. காத்து வருது, ஊதுற இடத்தைச் சரி பண்ணு என்பார்கள். குழல் வாய்ப்பாட்டை அப்படியே பின்தொடர வேண்டும். மாலி என்ற டி.ஆர். மகாலிங்கத்தை இன்றும் பேசுகிறோம் என்றால், குரலில் வரும் கமகத்தை மூங்கிலில் கொண்டு வந்ததால்தான். என் அம்மாவின் காது அந்தக் காது. ஆனால் தக்கெமிட்சுவின் பின்னால் இருப்பது வேறொரு குழல். ஜப்பானின் நோ நாடகத்தில் நோகான் என்ற மூங்கில் குழல் உண்டு. அதன் ஊதுதுளைக்கும் முதல் விரல்துளைக்கும் நடுவே, உள்ளே, ஒரு சிறு குழாயை வேண்டுமென்றே செருகியிருப்பார்கள். அதற்குத் தொண்டை என்று பெயர். அந்தத் தொண்டை இருப்பதால் மேல்ஸ்தாயி கீழ்ஸ்தாயியோடு ஒத்துப்போகாது. பலமாக ஊதினால் கிறீச்சிடும், காற்றாய்ச் சீறும். நாம் குறை என்று தள்ளுவதை அவர்கள் கருவியாகவே செய்து வைத்திருக்கிறார்கள். மேடையில் மத்தளக்காரர்கள் தட்டுக்கு இடையே குரல் எழுப்புவார்கள். 'வாய்ஸ்' கேட்டால் வெள்ளிக் குழலுக்குள் அந்த மேடை முழுவதும் ஏறி உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

இவ்வளவும் இப்போது நிதானமாக எழுதுகிறேன். அப்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தப் படைப்பில் மேடையில் பேச வேண்டும்.

இதை எழுதலாமா என்று மகளிடம் கேட்டேன். பெயர் போடாமல் எழுதுங்கள் என்றாள். அதனால் பெயர் இல்லை, அது 'க'வில் தொடங்கும் என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும். அவளுக்கு நான்கு வயதிலிருந்து பேச்சு திக்கும். 'க' வந்தால் நின்றுவிடும். சொல் தெரியும், வாய் திறந்திருக்கும், ஓசை வராது. கழுத்து நரம்பு புடைக்கும். பக்கத்தில் இருப்பவர் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுப்பார். எடுத்துக் கொடுக்காதீர்கள் என்று பேச்சுச் சிகிச்சையாளர் சொல்லியிருந்தும் நானே பல தடவை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

திக்கிப் பேசும் குழந்தைகளில் பலருக்குத் தானாகவே சரியாகிவிடுகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் அது தங்கிவிடுகிறது. தங்கியவர்களுக்கு மிகவும் கடினமான சொற்களில் ஒன்று அவரவர் பெயர். மற்ற சொல்லுக்கு மாற்றுச் சொல் தேடலாம், பெயருக்கு என்ன செய்வது? தொடக்கப்பள்ளி ஆறில் தமிழ் வாய்மொழித் தேர்வு முடிந்து வெளியே வந்தவள், "பேர் சொல்லவே நேரம் போச்சுப்பா" என்றாள். அதற்கு மேல் அன்று எதுவும் பேசவில்லை.

மாற்றுச் சொல் தேடுவது என்றேனே, அதில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. காப்பிக் கடைக்குப் போனால் அவள் எப்போதும் 'தே' கேட்பாள். அவளுக்குத் தேநீர்தான் பிடிக்கும் என்று பத்து வருடமாக நம்பியிருந்தேன். வீட்டில் காப்பி போட்டால் என் குவளையிலிருந்து பாதியைக் குடித்துவிடுவாள், அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கோப்பி 'க'வில் தொடங்குகிறது என்பது எனக்கு ஒருநாளும் உறைக்கவில்லை.

குழலில் மட்டும் அவளுக்குத் தடை கிடையாது. வேகமான சுரங்களுக்குக் குழல் கலைஞர்கள் நாக்கை 'து-கு-து-கு' என்று மாற்றி மாற்றி அடிப்பார்கள். நொடிக்கு எட்டு, பத்து தடவைகூட அடிக்க வேண்டியிருக்கும். பேசும்போது நிற்கிற அதே 'கு' அங்கே தண்ணீர் மாதிரி ஓடும். பாடும்போது திக்காதவர்கள் பலர் உண்டு என்று சிகிச்சையாளர் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. இந்தப் பிள்ளைக்குப் பேசாமல் இருக்க ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த இடத்துக்குள்தான் தக்கெமிட்சு பேச்சைக் கொண்டுவந்து வைத்தார். 'வாய்ஸ்' படைப்பில் உள்ள சொற்கள் ஷூசோ தக்கிகுச்சி என்ற ஜப்பானியக் கவிஞருடையவை. அங்கே நிற்பது யார் என்று, இரவுக் காவல்காரர் அதட்டுவது போலக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பார்த்துக் கேட்கும் வரிகள். முதலில் பிரெஞ்சில், பிறகு ஆங்கிலத்தில். பிரெஞ்சில் அதன் முதல் ஓசை என்ன தெரியுமா? 'கி'.

இருநூறு படைப்புகளை விட்டுவிட்டு இதை ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். பதில் வரவில்லை. நான் விடவில்லை. "டெபுசியோட 'சிரின்க்ஸ்' இருக்கேம்மா. அதுவும் தனிக்குழல்தான், மூணு நிமிஷம். எவ்வளவு அழகா இருக்கு. பேச வேண்டிய அவசியமே இல்ல."

கடைசி வாக்கியம் வாயைவிட்டுப் போன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவள் குழலைத் துடைத்து மூன்று துண்டாகக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். அறைக் கதவு மூடியது. அன்று இரவு மக்சிக் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் ஆசிரியருக்குத் தனியாக ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். படைப்பை மாற்றச் சொல்ல முடியுமா, அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று. "அவளிடமே கேளுங்கள்" என்று மட்டும் பதில் வந்தது. அடுத்த வகுப்பில் விஷயம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. பேச்சு வராமல் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குப் பல வருடமாகத் தெரியும். பேச விரும்பாமல் இருப்பது வேறு என்று அந்த ஒன்பது நாளில் தெரிந்தது.

குற்ற உணர்ச்சியில்தான் வேலைக்குப் போகும் ரயிலில் தக்கெமிட்சுவைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். 1930இல் தோக்கியோவில் பிறந்தவர். 1944இல், பதினான்கு வயதில், ராணுவ வேலைக்கு அனுப்பப்பட்டார். மேற்கத்திய இசைக்குத் தடை இருந்த காலம். முகாமில் ஓர் அதிகாரி ரகசியமாக இசைத்தட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினார். பிரெஞ்சுக் காதல் பாட்டு. காதலைப் பற்றி என்னிடம் பேசு என்பதுபோல் பொருள்படும் தலைப்பு. அதைக் கேட்ட பையன்தான் போர் முடிந்ததும் இசையமைப்பாளராவது என்று முடிவெடுத்தான். பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டார். ஜப்பானிய மரபு இசை போரை நினைவூட்டியதால் நீண்ட காலம் அதன் பக்கமே போகவில்லை. பொம்மலாட்ட இசையைக் கேட்டு மனம் மாறியது பிறகு. 1967இல் நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுவுக்காக ஜப்பானியக் கருவிகள் இரண்டை மேற்கத்திய வாத்தியக் குழுவின் முன் உட்காரவைத்து 'நவம்பர் ஸ்டெப்ஸ்' எழுதினார். திரைப்பட ரசிகர்களுக்குக் குரொசாவாவின் 'ரான்' (1985) இசை நினைவிருக்கலாம். போர்க்களக் காட்சியில் கூச்சலெல்லாம் அடங்கிப்போய் இசை மட்டும் கேட்குமே, அது இவருடையது.

'வாய்ஸ்' சுவிட்சர்லாந்துக் குழல் கலைஞர் ஓரேல் நிக்கொலேவுக்காக எழுதப்பட்டது. பெர்லின் பில்ஹார்மோனிக்கில் முதன்மைக் குழல் வாசித்தவர். கால் நூற்றாண்டு கழித்து, அதே நிக்கொலேயின் எழுபதாவது பிறந்தநாளுக்காகத் தனிக்குழலுக்கு 'ஏர்' எழுதினார் தக்கெமிட்சு. அதுவே அவர் முடித்த கடைசிப் படைப்பு. 1996 பிப்ரவரியில் இறந்தார். பேச்சும் கூச்சலுமாக இருந்த குழல் அங்கே அமைதியாகிவிடுகிறது. நல்ல ஒலிப்பதிவுகள் இருக்கின்றன, இரண்டையும் ஒரே மாலையில் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டது வேறொன்றைப் படித்தபோது. 1971இல், 'வாய்ஸ்' எழுதிய அதே ஆண்டில், தக்கெமிட்சுவின் கட்டுரைத் தொகுப்பு ஒன்று வெளிவந்தது. அதில் ஒரு கட்டுரையின் தலைப்பே திக்கிப் பேசுதலுக்கான அறிக்கை. திக்கலைக் குறையாக அவர் பார்க்கவில்லை. சரளமாக வழுக்கிக்கொண்டு போகும் பேச்சைவிட, முட்டி மோதி வெளியே வரும் சொல்லில் உயிர் இருக்கிறது என்ற பக்கம் நிற்கிறார். பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி தொடங்கும் அந்த நான்கு அடிகள் நம்மை உலுக்குவதற்குக் காரணம், அது அற்புதமாகத் திக்குவதுதான் என்கிறார். டட-ட-டாம். உண்மைதானே? எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், ஒரு மனிதர் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் மறுபடி முயல்வதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அவள் அறைக்கதவைத் தட்டி இதை மூச்சுவிடாமல் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டாள்.

"தெ-தெரியும்ப்பா. அதைப் படிச்சுட்டுத்தான் முதல்ல எடுத்தேன்."

"இப்ப?"

"இப்ப அதுக்காக இல்ல. பாதி இன்னும் புரியல. புரியாததைத் திரும்பத் திரும்ப வாசிக்கப் பிடிச்சிருக்கு."

நான் பெரிய கண்டுபிடிப்போடு போனேன், அவள் அதைத் தாண்டி எப்போதோ போயிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். சரி என்றாள். அடுத்த வாரத்திலிருந்து மறுபடியும் எட்டு மணிச் சத்தம் தொடங்கியது. மக்சிக் வீட்டுக்கு ஒரு பெட்டி லட்டு கொண்டுபோய்க் கொடுத்து முழுக் கதையையும் சொன்னேன். அவர் பேரனுக்கும் திக்கும் என்றார். பன்னிரண்டு வருடம் ஒரே மாடியில் இருக்கிறோம்.

நவம்பரில் நிகழ்ச்சி. சிறிய அரங்கு, அறுபது எழுபது பேர். அம்மா பட்டுப்புடவையில் வந்திருந்தார். மகளுக்கு முன்னால் ஒரு பையன் மோட்சார்ட்டைப் பிசிறில்லாமல் வாசித்துக் கைத்தட்டல் வாங்கினான். அவள் வந்து, தாள்தாங்கியை இடுப்புக்குக் கீழே இறக்கினாள். வணங்கினாள். குழலை உதட்டில் வைத்தாள்.

ஓசை வரவில்லை.

நான் மனத்துக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு. பக்கத்தில் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். மூன்று. எடுத்துக் கொடுக்க என்னிடம் சொல் தயாராக இருந்தது, பிரெஞ்சுச் சொல்லைக்கூட அத்தனை மாதத்தில் மனப்பாடம் செய்துவிட்டிருந்தேன். நான்கு. அப்போது அவள் பேசினாள். பாதிக் குரல், பாதிக் குழல். சொல் குழாய்க்குள் போய் வேறு யாருடைய குரலாகவோ வெளியே வந்தது. கடைசி அசை முடியும் முன்பே அது சுரமாக மாறியது, சுரம் காற்றாக ஆனது, விசைகள் தட்டின.

வீட்டில் சுவர் தாண்டிக் கேட்டதும் இதுவும் ஒன்றல்ல. கூச்சல் வந்தபோது முன்வரிசையில் ஒரு சின்னப் பையன் வாய்விட்டுச் சிரித்தான், அடுத்த நொடியே அம்மாவின் மடிக்குள் ஒதுங்கினான். அவளும் நிற்கவில்லை, அவனைப் பார்க்கவும் இல்லை. வழக்கமான தாளக் கட்டு இல்லாத இசை இது. எவ்வளவு நேரம் நிற்பது, எப்போது மறுபடி மூச்செடுப்பது என்பதில் வாசிப்பவரின் கை பெரிது. நிறைய நின்றாள். ஒவ்வொரு முறையும் நான் எண்ணினேன். ஒரு கட்டத்துக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன், எப்போது விட்டேன் என்று நினைவில்லை.

முடிந்ததும் இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் கைத்தட்டல் வந்தது. மோட்சார்ட் பையனுக்குக் கிடைத்த அளவு இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வெளியே வந்ததும் அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"யாரைடா கூப்பிட்டுக்கிட்டே இருந்தா?"

"கண்ணுக்குத் தெரியாத யாரையோம்மா."

"வந்தாங்களா?"

ரயிலில் மூவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். குழல் பெட்டி அவள் மடியில். நன்றாக இருந்தது என்று நான்காவது தடவையாகச் சொன்னேன்.

"ஒ-ஒரு இடத்துல நல்லா மாட்டிக்கிட்டேன்ப்பா," என்றாள். "எங்கேன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"ஆரம்பத்துல. நாலு நொடி."

"அது இல்ல. அது நானா எடுத்துக்கிட்ட நேரம்."

கத்துவதற்கு முன்னால் என்றேன். இல்லை என்றாள். கடைசி ஆங்கில வரி என்றேன். அம்மா, "அந்தப் பையன் சிரிச்சப்பதான்" என்றார். அதற்கும் தலையை ஆட்டினாள். தோபி காட்டில் ரயில் மாற இறங்கியபோதும் அவள் சொல்லவில்லை.